பின்சுவருக்கு முந்நூறு பிரதிகள்

1

இந்தக் கதை ஒரு கைத்தட்டலில் பிறந்தது. பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஏமாந்தேன்.

என் தங்கையின் கணவர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் நடுவில் போய் நின்று 'டப்' என்று ஒரு முறை கை தட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். அறை எப்படி எதிரொலிக்கிறது என்று பார்ப்பது அவருடைய தொழில் புத்தி. பல் மருத்துவரிடம் போனாலும் தட்டுவார், வங்கி மேலாளர் அறையிலும் தட்டுவார். என் நாவல் வெளியீட்டு விழாவுக்கு முதலில் வந்தவரும் அவர்தான். ஒரே ஒரு கைத்தட்டல். மேடையில் இருந்த நான் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டேன்.

"ஹால் காலியா இருக்குறதால ரொம்ப எதிரொலிக்குது மச்சான்" என்றார்.

விழா முடிகிற வரைக்கும் அந்த எதிரொலி குறையவே இல்லை.

சரி, கதையைத் தொடங்க வேண்டும். மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"அந்தச் சுவர் அவர்களிடம் ஏதோ சொல்ல விரும்பியது..." [அடித்தாயிற்று. சுவர் சொல்ல விரும்பவெல்லாம் இல்லை. சொல்லிக்கொண்டே இருந்தது, அதுதான் தொல்லை.]

"ஒலி என்பது யாது? காற்றின் அதிர்வு. அதிர்வு என்பது யாது? அது..." [தங்கை எட்டிப் பார்த்து, "பரீட்சையா அண்ணா?" என்று கேட்டாள். அடித்தாயிற்று.]

"மைக்செட் மாப்பிள்ளை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நாற்காலி சுவரில் முட்டியது." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

மைக்செட் மாப்பிள்ளை என்பது அவர்தான். பல வருடம் மேடைகளுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் கட்டியவர் என்பதால் வீட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என் தங்கையைச் சின்ன வயதிலிருந்து வாயாடி என்றுதான் கூப்பிடுகிறோம். இப்போது அந்த வாயாலேயே பிழைக்கிறாள், புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்கிறாள். மூன்றாவதாக ஓர் எழுத்தாளர் வருகிறார். அது நானல்ல. (சரி, நான்தான். ஆனால் 'நான்' என்று எழுதினால் என்னையே பரிதாபமாகக் காட்டிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் மாப்பிள்ளையின் தலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து எழுத்தாளரைப் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் அனுமதி கேட்கவில்லை.)

எழுத்தாளருடைய நாவலின் பெயரை மட்டும் கடைசி வரை சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது ஒரு பிரதி கேட்டுத் தொலைப்பீர்கள். கேட்டால் என்ன கேடு என்பது போகப் போகத் தெரியும்.

2

மைக்செட் மாப்பிள்ளை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நாற்காலி சுவரில் முட்டியது. அறை அவ்வளவுதான். முன்னால் மேசை, மேசைமேல் ஒரு திரை, இரு பக்கமும் ஸ்பீக்கர். பக்கச் சுவர்களில் துணி சுற்றிய பலகைகளை ஏற்கெனவே மாட்டியாயிற்று. ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை. பின்சுவர் மட்டும் வெள்ளையடித்து மொட்டையாக நின்றது. வாயாடி மைக் முன்னால் உட்கார்ந்து படிக்கும்போது அவள் முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவர். அவள் எழுந்த பிறகு அவர் உட்கார்ந்து ஒலியைச் சரிசெய்யும்போது அவர் முதுகுக்குப் பின்னாலும் அதே சுவர்.

போனில் செயலிக்காரம்மா பேசிக்கொண்டிருந்தார். கைபேசியில் புத்தகங்களைக் காதால் கேட்கிற செயலி ஒன்றை நடத்துகிறவர். பத்துப் புத்தகங்களைப் படிக்கும் வேலையைத் தரத் தயாராக இருந்தார். அனுப்பிய சாம்பிளை மட்டும் இரண்டாம் முறையாகத் திருப்பியிருந்தார்.

"குரல் தங்கம்ங்க. ஆனா பீப்பாய்க்குள்ள உக்காந்து பேசுற தங்கம். இன்னும் ஒரு தடவை பாக்கலாம். சரியா வரலன்னா வேற ஆளைப் பாத்துக்குறோம், தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை, தப்பு அறையில்தான் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி அவர் காதைத் தாண்டிப் பின்சுவரில் மோதித் திரும்பி வருகிறது. வந்து, எதிரே வரும் ஒலியோடு முட்டிக்கொள்கிறது. அந்தச் சண்டையில் குரலின் அடிக்கனம் அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் மட்டும் செத்துப்போகிறது. குரல் மெலிந்து கேட்கிறதே என்று அவர் கனத்தைக் கூட்டுகிறார். கேட்பவர் வீட்டில் அது பீப்பாய் ஆகிவிடுகிறது. சளி பிடித்தவன் உப்புப் பார்த்த கதைதான். போதாததற்கு, வாயாடியின் குரலும் அந்த மொட்டைச் சுவரில் பட்டு மைக்குக்குள் திரும்பி வந்து விழுந்தது.

"என்னங்க சொல்றாங்க?" என்று வாயாடி கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

"குரல் தங்கமாம்."

"அத விடுங்க, அது எனக்கே தெரியும். வேற என்ன?"

அவர் எழுந்து போய்ப் பரணிலிருந்து பயணப் பையை இறக்கினார். மேடை ஏற்பாட்டாளர் ஒருவர் முந்தின வாரம்தான் கூப்பிட்டிருந்தார், பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று. போனால் மாதத்தில் பாதி நாள் வேறு ஊர். முன்பு அவர் அப்படிப் போய்வந்த வருடங்களில் வாயாடி போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி சாப்பிடுவாள். பாதிச் சாப்பாட்டில் அங்கே மேடைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், முகம் போய்விடும். இவள் மீதியைக் கொட்டிவிட்டு எழுந்திருப்பாள். இந்த அறையை ஸ்டுடியோ ஆக்கியதே அதற்காகத்தான்.

வாயாடி பையைப் பார்த்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, அதைத் திரும்பப் பரண்மேல் வைத்தாள்.

"சுவரப் பாருங்க" என்றாள்.

3

[இந்தப் பகுதியில் சுவர்களைப் பற்றிக் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் நிச்சயம் ஓவியராகத்தான் இருக்க வேண்டும். மைக்செட்காரராக இருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.]

அடுத்த சில நாட்களுக்கு வீட்டில் சுவர்ப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் முட்டை அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார். "இத ஒட்டுனா போதும், ஒரு பொட்டுச் சத்தம் வராது." மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். முட்டை அட்டை முட்டைக்குத்தான் உதவும் என்று சொல்லி வீண் பகையைத் தேடிக்கொள்வானேன்.

அவருடைய ஆசையெல்லாம் ராக்வூல்மேல். பாறையை உருக்கி இழையாக்கிப் பலகையாக அழுத்திய பஞ்சு அது. தரையிலிருந்து கூரை வரை ஒரு சாண் தடிமனுக்கு அதை அடைத்துவிட்டால் சுவர் ஒலியை விழுங்கிவிடும், திருப்பித் தராது. வாங்குவதற்கு முன் ஒத்திகை பார்த்தார். வீட்டிலிருந்த மெத்தை, கம்பளி, தலையணை எல்லாவற்றையும் பின்சுவரில் அடுக்கினார். கனம் சரியாக வந்தது. அவர் கிட்டத்தட்ட ஆடியே விட்டார். வாயாடியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

இரண்டு வரி படித்துவிட்டு அவள் நிறுத்தினாள்.

"என்னங்க இது, நான் பேசுறது எனக்கே கேக்கல. வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே யாரோ கையால பொத்துறாங்க."

"பழகிடும்மா."

"பழகுறதுக்குள்ள தொண்டை போயிடும். தானா கத்துறேன் பாருங்க. இப்படிக் கத்திக்கிட்டு ஒரு காதல் கதையை எப்படிப் படிக்குறது?"

அவள் சொன்னது நியாயம்தான். மெத்தைச் சுவர் ஒலியோடு சேர்த்து அவளுடைய உற்சாகத்தையும் விழுங்கியிருந்தது. வாயாடியையே வாயடைக்க வைத்த முதல் ஆள் அந்தச் சுவர்தான். [நாங்கள் இத்தனை வருடம் முயன்றும் முடியாத காரியம்.]

அப்படியானால் பின்னால் விழுங்க ஒன்று வேண்டும், முன்னால் சிதறடிக்க ஒன்று வேண்டும். ஒலியை மொத்தமாகக் கொல்லாமல் பல பக்கம் உதறிவிட, ஒன்று நீண்டு ஒன்று குட்டையாக மரக்கட்டைகளை அடுக்குவார்கள். தச்சரைக் கூப்பிட்டுப் போனில் படம் காட்டினார். தச்சர் படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"இது யாரோ பாதியில விட்டுட்டு ஓடிப்போன வேலை மாதிரி இருக்கே சார்."

"இல்ல, இப்படித்தான் இருக்கணும்."

"அப்ப முழுசா முடிச்சுட்டா என்கிட்ட சண்டைக்கு வருவீங்களா?"

எப்போது முடியும் என்று கேட்டதற்கு, அவசரப்பட்டால் மரம் கோணிக்கொள்ளும் என்றார். செயலிக்காரம்மாவும் கோணிக்கொள்வார். பின்பக்கத்துக்கு ராக்வூலும், தச்சர் கடையில் தயாராக நின்ற ஒரு பெரிய அலமாரியும் மட்டும் வாங்கி வந்தார்கள். மேசையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, அலமாரியை ராக்வூலுக்கு முன்னால் நிறுத்தியாயிற்று. அதை எதால் நிரப்புவது? கனமாக இருக்க வேண்டும். நிறைய இருக்க வேண்டும். உடனே கிடைக்க வேண்டும். யாருக்கும் வேண்டாததாகவும் இருக்க வேண்டும்.

வாயாடி நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். பிறகு மெதுவாக, "அண்ணன் கட்டிலுக்கு அடியில இருக்கே" என்றாள்.

4

எப்படிக் கேட்பது? ஒரு எழுத்தாளரிடம் போய், விற்காத உங்கள் நாவலைக் கொடுங்கள், சுவருக்கு வேண்டும் என்று எந்த மாப்பிள்ளை கேட்பான்? வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். எழுத்தாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் ஒரு 'டப்'.

"வாங்க மாப்ள" என்றார் எழுத்தாளர் உள்ளிருந்து.

"மச்சான், உங்க நாவல்..."

எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த இரண்டு சொற்களை யாரும் அவரிடம் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

"...வேணும் மச்சான்."

"படிக்கப் போறீங்களா! இப்பவாவது தோணுச்சே. ஒரு காப்பி போதுமா? தங்கச்சிக்கும் ஒண்ணு தரட்டுமா?"

மாப்பிள்ளை மென்று முழுங்கினார். "எல்லா காப்பியும் வேணும்."

"எல்லாமா? யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"யாருக்கும் இல்ல. சுவத்துக்கு."

[இந்த இடத்தில் முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "எழுத்தாளர் பெருந்தன்மையுடன் புன்னகைத்தார். கலை எந்த வடிவில் பயன்பட்டாலும்..." பொய். அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்.]

எழுத்தாளர் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி போய்க் குடித்தார். மாப்பிள்ளை கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பதிப்பாளர் கடையை மூடியபோது திருப்பி அனுப்பிய முந்நூற்றுச் சொச்சம் பிரதிகள், பிரிக்காத அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. பெட்டிகள் கட்டிலை லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தன. மச்சான் தம் நாவல்மேல்தான் படுத்துத் தூங்குகிறார் என்று மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

"விடுங்க மச்சான், வேற ஏதாவது..."

"தங்கச்சி கேட்டாளா?"

"அவ சொல்லித்தான் வந்தேன்."

"நீங்க மறுபடி மேடைக்குப் போகாம இருக்க இது உதவுமா?"

"உதவும்னு நினைக்கிறேன்."

"எடுத்துட்டுப் போங்க."

[இங்கே எனக்கு இந்த எழுத்தாளர் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வானா? ஒரு பக்கத்துக்காவது சண்டை போட வேண்டாமா? கதை நல்லபடியாக நடக்க, நான் அவனுக்குள் கொஞ்சம் மனக்கசப்பை ஏற்ற முயன்றேன். ஏறவில்லை. வாயாடி தனியாகச் சாப்பிடுவதை அவனும் பார்த்திருக்கிறான். அதைத் தாங்க முடியாமல்தான் கொடுத்தான். வேறு காரணம் தேட வேண்டாம்.]

5

புத்தகங்களை அடுக்க எழுத்தாளரே நேரில் வந்தார். ஒவ்வொரு பிரதியையும் துணியால் துடைத்தார். முதுகு வெளியே தெரிய, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, நூல் பிடித்த மாதிரி அடுக்கினார். ஒரே நாவல், ஒரே நிறம், ஒரே பெயர், வரிசை வரிசையாக. நான்கடி பின்னால் வந்து நின்று பார்த்தார். ஒரு வீட்டுச் சுவர் முழுக்கத் தம் புத்தகம் இருப்பதை அவர் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளை கை தட்டினார். 'டப்' என்றதன் பின்னாலேயே 'ட்ர்ர்ர்' என்று ஒரு வால் வந்தது.

"மச்சான், தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எல்லாம் ஒரே புத்தகமா இருக்கு."

"ஒரே புத்தகம்தானே மாப்ள எழுதினேன்."

"ஒரே உயரம், ஒரே அகலம். சுவத்துக்கு முன்னால இன்னொரு சுவரு கட்டி வச்சிருக்கோம். வேற வேற சைஸ்ல நாலு நாவலாவது நீங்க எழுதியிருந்தா..."

"அதுவும் வித்திருக்காது, வசதியா இருந்திருக்கும்" என்றாள் வாயாடி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எழுத்தாளர் அவளைப் பார்த்தார். பிறகு மூவரும் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் வேலை சுலபமாக நடந்தது. மாப்பிள்ளை சில பிரதிகளை உள்ளே தள்ளினார், சிலவற்றை வெளியே இழுத்தார், சிலவற்றைப் படுக்கப்போட்டார், நடுநடுவே பின்பஞ்சு தெரிய இடம் விட்டார். எல்லாவற்றையும் முதுகு உள்ளே போகத் திருப்பி வைத்தார். வழவழப்பான முதுகு ஒலியைத் திருப்பி அடிக்கும், தாள் ஓரம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. எழுத்தாளரின் பெயர் வரிசையாகச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டது.

"என் பேரு மாப்ள?"

"உள்ள பத்திரமா இருக்கும் மச்சான்."*

கடைசியாக ஒரு கைத்தட்டல். டப். அவ்வளவுதான், வால் இல்லை. ஆனால் அறை செத்தும் போகவில்லை. வாயாடி "ஹலோ" என்று சொல்லிப் பார்த்தாள். அவள் குரல் அவளுக்கே இதமாகக் கேட்டது. இன்னொரு ஹலோ சொன்னாள். பிறகு நிறுத்தவே இல்லை.

* இதைப் படித்த மாப்பிள்ளையின் மறுப்பு: "பத்திரமா இருக்கும்னு நான் சொல்லல. பஞ்சைப் பாத்து இருக்கும்னுதான் சொன்னேன்." மறுப்பு ஏற்கப்படவில்லை.

6

மூன்றாம் சாம்பிளைப் பதிவு செய்ய உட்கார்ந்தார்கள். செயலிக்காரம்மா கொடுத்த மாதிரிப் பக்கத்தை வாயாடி அதற்குள் பலமுறை படித்துச் சலித்திருந்தாள். எந்த வரியில் மூச்சு விடுவது என்பது வரை மனப்பாடம். உயிரில்லாமல் வந்தது.

"வேற ஏதாவது படிக்கிறேனே. அறை எப்படி இருக்குன்னுதானே பாக்கப் போறாங்க?" என்று சொல்லிக்கொண்டே பின்னால் கையை நீட்டிச் சுவரிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினாள்.

"நடுவுல இருந்து எடுக்காத!" என்று மாப்பிள்ளை பதறினார். "ஓரத்துல இருந்து எடு, ஓரத்துல!"

ஓரத்திலிருந்து எடுத்தாள். கைக்கு வந்த ஒரு பக்கத்தைப் பிரித்தாள். பதிவு ஓடத் தொடங்கியது. எழுத்தாளர் கதவுக்கு வெளியே, தும்மக் கூடாது என்ற கட்டளையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை காதில் ஹெட்போனோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாவலில் ஒரு தகப்பன் மகளுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுக்கிற இடம் அது. பிடித்திருக்கிறேன், பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அவன் கையை எப்போதோ விட்டுவிட்டிருக்கிறான். வாயாடி சிரித்துக்கொண்டே படித்தாள். அப்புறம் குரல் லேசாகத் தடுக்கியது. திருத்தி மறுபடி படிப்பாள் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தார். அவள் அப்படியே போய்க்கொண்டிருந்தாள். சாம்பிளுக்கு வேண்டியது முடிந்துவிட்டது, நிறுத்தலாம். அவர் கையை உயர்த்தவில்லை. அடுத்து என்ன ஆகும் என்று அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மச்சானின் நாவலில் ஒரு வரியைக் கூட அவர் படித்ததில்லை. அதை நினைத்து வெட்கப்பட்டார்.

அத்தியாயம் முடிந்ததும் வாயாடி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். எழுத்தாளர் ஸ்டூலில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தும்மல் வந்துச்சா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அந்தச் சைக்கிள்ல இருந்தது நான்தானே? கையை விட்டது அப்பா இல்ல, நீ."

அவர் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"இத்தன நாளா இத ஏன் சொல்லல?" என்று அவள் அதட்டினாள்.

"எழுதியிருக்கேனே" என்றார் எழுத்தாளர்.

7

செயலிக்காரம்மா மறுநாளே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு மூவரும் சுற்றி நின்றார்கள்.

"என்ன பண்ணீங்க அந்த ரூம? பக்கத்துல உக்காந்து படிக்குற மாதிரி இருக்கு! பத்துப் புத்தகமும் உங்களுக்குத்தான். ஒரே ஒரு கண்டிஷன், இதே சத்தம் கடைசி வரைக்கும் வரணும். எதையும் மாத்திடாதீங்க."

மாப்பிள்ளை வாயாடியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. நீங்க படிச்சீங்களே, அது என்ன நாவல்? எங்க ஆபீஸ்ல எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அந்த பத்துல அதையும் சேத்துடலாம். புத்தகமாவும் வேணும். கேக்குறவங்களுக்கு அனுப்பி வைக்கலாம்னு இருக்கோம். எத்தன காப்பி இருந்தாலும் சரி, மொத்தமா எடுத்துக்குறோம்."

மூவரும் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தார்கள்.

அந்த அம்மாவுக்குச் சுவரும் வேண்டும், சுவரிலிருக்கிற புத்தகமும் வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளையால் மச்சானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த நாவலை, மனுஷன் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ மொத்தமாகக் கேட்கிறார்கள். இதைப் போய்த் தடுப்பதா? பரண்மேல் இருந்த பை அவர் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் போனுக்குக் கேட்காமல், "குடுத்துடலாம் மச்சான். சுவரு போனா போகட்டும். நான் மேடைக்கே போயிக்கிறேன்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எழுத்தாளர் போன் பக்கம் குனிந்து உரக்கச் சொன்னார்: "ஒரு காப்பி கூட இல்லீங்க. எல்லாம் வித்துத் தீந்துபோச்சு."

[இந்த வாக்கியத்தை மறுபடி ஒரு முறை எழுதிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் விற்றுத் தீர்ந்துபோயிற்று. எவ்வளவு அழகாக இருக்கிறது! எழுத வந்த நாளிலிருந்து சொல்ல ஆசைப்பட்ட வாக்கியம். கடைசியில் அதைப் பொய்யாகத்தான் சொல்ல வாய்த்தது.]

வாயாடி இருவரையும் முறைத்தாள். "என் குரல், என் சுவரு, என் அண்ணன், என் புருஷன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள்.

"மேடம், அது எங்கண்ணன். எழுத்தாளர் இல்லையா, கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி. காப்பி இருக்கு. ஆனா இப்ப எடுக்க முடியாத இடத்துல இருக்கு. மத்த ஒம்பதையும் முதல்ல முடிச்சுடுறேன். இந்த நாவலைக் கடைசியா படிக்கிறேன். படிச்சு முடிச்ச அன்னைக்கே எல்லா காப்பியும் உங்களுக்கு வரும்."

"அது போதும்மா" என்றார் செயலிக்காரம்மா.

போனை வைத்துவிட்டு அவள் இருவருக்கும் சாப்பாடு போட்டாள். எதிரில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டாள்.

8

இங்கேயே முடித்திருக்கலாம். சாப்பாட்டோடு முடிகிற கதைகள் யார் மனதையும் நோகடிப்பதில்லை. ஆனால் பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால், நான் ஏன் இதை எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒன்பது புத்தகங்கள் முடிந்தன. நாவலும் கடைசி அத்தியாயம் தவிர முடிந்துவிட்டது. இதற்கிடையில் செயலிக்காரம்மா அடுத்த பத்தையும் அனுப்பிவிட்டார். அதே கண்டிஷன், அதே சத்தம் வேண்டும். வாயாடி கடைசி அத்தியாயத்தைப் பிரிப்பதும் மூடுவதுமாக இருந்தாள். போன வாரம் என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணா, இது சின்ன நாவலா இருக்கே."

"எல்லாரும் அத ஒரு நல்ல குணமாத்தான் சொன்னாங்க."

"எல்லாரும்னா யாரு?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன். அவள் விடவில்லை. "இன்னும் கொஞ்சம் எழுதேன். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால. படிச்சுக்கிட்டே இருக்கேன். நான் முடிக்காத வரைக்கும் சுவரு அங்கதான இருக்கும்?"

சுவருக்காகத்தான் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். பயணப் பையை இறக்க அவரைப் பரணுக்கடியில் நிறுத்திப் பார்க்க அவளுக்கு மனமில்லை. எனக்கும் மனமில்லை. ஆனாலும் சொல்கிறேன், 'இன்னும் கொஞ்சம் எழுதேன்' என்று இதுவரை ஒரு வாசகரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. அவள் போனதும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். நீங்கள் இப்போது படிப்பது அதைத்தான்.** மூன்று தொடக்கங்கள், அடித்த வாக்கியங்கள், அடைப்புக்குறிகள், அடிக்குறிப்பு எல்லாம் எதற்கென்று இப்போது புரிந்திருக்கும். இழுத்தடிக்கிறேன் ஐயா, வேறென்ன.

முடிவு எழுதிப் பார்க்காமல் இல்லை. ஒன்றில், தச்சர் மரக்கட்டைச் சுவரோடு சிரித்த முகமாக வந்து நிற்கிறார். [தச்சரைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள்.] இன்னொன்றில், புத்தகங்கள் எல்லாம் போய்விடுகின்றன, காலி அலமாரி முன் மாப்பிள்ளை கை தட்டுகிறார், 'ட்ர்ர்ர்' என்று... [முடிக்க முடியவில்லை. விட்டுவிட்டேன்.]

நாளைக் காலை வாயாடி அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இதைச் சத்தமாகப் படிப்பாள். மாப்பிள்ளை தம்மைப் பற்றி வருகிற இடங்களில் காது சிவக்க உட்கார்ந்திருப்பார். நான் வெளியே ஸ்டூலில் இருப்பேன். இந்த வரிக்கு வந்ததும் அவள் தாளைத் திருப்பிப் பார்ப்பாள். பின்னால் ஒன்றும் இருக்காது. எனக்கு இதற்குமேல் வரவில்லை, தீர்ந்துபோய்விட்டது, இந்த முறை நிஜமாகவே.

அதனால் நீங்கள் கொஞ்சம் உதவ வேண்டும். நாவலின் பெயரைக் கேட்காதீர்கள், பிரதியும் கேட்காதீர்கள். இதன் கீழே ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அவள் படிக்கட்டும். நன்றாக வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒருவர் நீளமாக எழுதுங்கள், ஒருவர் குட்டையாக எழுதுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் சங்கடம் என்று மாப்பிள்ளை சொல்கிறார்.

 ** நாவலின் அச்சிட்ட பிரதிகளில் இந்தப் பக்கங்கள் இல்லையே என்று கேட்பீர்கள். கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள், செயலிக்காரம்மாவுக்குக் கேட்டுவிடப் போகிறது.